ஹல்துமுல்லைக்கு வந்த வைத்தியர்: ரஜனி திராணகம (1954–1989)

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலருக்கு மலையகத்தோடு தொடர்புடைய ஒரு பெண்ணின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்தவர் மீனாட்சியம்மை நடேசையர். 1930களில் ஹட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய கோ. நடேசையரின் துணைவியார் அவர். தாமே பாட்டெழுதி, தாமே மேடையில் பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பியவர். அவரைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அதனால் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தோடு மட்டும் சேர்த்துப் பேசப்படும் இன்னொருவரை நாம் தெரிந்தெடுத்தோம். அவர் வைத்திய கலாநிதி ரஜனி திராணகம.

இத்தெரிவைக் கேட்டுச் சில சகோதரிகள் புருவத்தை உயர்த்தக்கூடும். “அவர் எமது பாடசாலையில் படித்தவரும் அல்லர், மலையகத்தில் பிறந்தவரும் அல்லரே” என்பது ஒரு கேள்வி. “ஆயுத இயக்கத்தோடு நின்றவர், பிறகு அதையே எதிர்த்தவர், அவரைப் பற்றிப் பாடசாலை மலரில் எழுத வேண்டுமா?” என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். முதலாவதற்கு விடை ஹல்துமுல்லையில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை அவர் வாழ்ந்த வாழ்வில் இருக்கிறது.

மருத்துவ பீடத்திலிருந்து மலைக்கு

ரஜனி ராஜசிங்கம் 1954ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். 1973இல் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் சேர்ந்தார். அன்றைய கொழும்பு, 1971 கிளர்ச்சியின் தழும்பு ஆறாத நகரம். ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் அக்கிளர்ச்சியில் கொல்லப்பட்டிருந்தார்கள். மேலும் பல்லாயிரம் பேர் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள். பல்கலைக்கழகங்களில் இடதுசாரிச் சிந்தனை கொதித்துக்கொண்டிருந்தது. ரஜனி அதில் தீவிரமாக ஈடுபட்டார். களனிப் பல்கலைக்கழகத்தில் மாணவர் அரசியலில் இருந்த தயாபால திராணகமவை அவர் சந்தித்ததும் இந்தச் சூழலில்தான். தயாபால கிராமப்புறச் சிங்களக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1977இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். தமிழருக்கு எதிரான வன்செயல் நாடெங்கும் பரவிய ஆண்டும் அதுவே. பின்னர் நர்மதா, ஷாரிகா என இரு மகள்மார் பிறந்தார்கள்.

யாழ்ப்பாண வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சியை முடித்த ரஜனி, 1979இல் ஹல்துமுல்லைக்கு வைத்தியராக வந்தார்.

ஹல்துமுல்லை எங்கே இருக்கிறதென்று இளைய மாணவிகளுக்குச் சொல்ல வேண்டும். பலாங்கொடையிலிருந்து பெலிஹுல்ஓயா வழியாக மேலேறி ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் செல்லும் பாதையில், மலைச்சரிவை ஒட்டிய சிற்றூர் அது. மேலே தேயிலை, கீழே வயலும் சிங்களக் கிராமங்களும். நிர்வாகக் கணக்கில் பதுளை மாவட்டம். ஆனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் வளர்ந்த நமக்கு அந்த லயங்களும் கொழுந்து மடுவங்களும் அந்நியமானவை அல்ல. நம்மில் பலருக்கு அப்பக்கத்தில் உறவினர் உண்டு.

அந்த ஆண்டுகளில் இத்தகைய ஓர் ஊர் வைத்தியசாலையில் வேலை செய்வதென்றால் என்ன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தோட்டங்களின் சுகாதாரம் அப்போது பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. டிஸ்பென்சரியில் இருப்பவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். தோட்ட மருத்துவ உதவியாளரே. கடினமான பிரசவமோ, குழந்தைக்கு வலிப்போ என்றால் தோட்ட லொறியில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். லொறி கிடைப்பதும் கிடைக்காததும் துரையின் மனத்தைப் பொறுத்தது. 1970களின் நடுப்பகுதியில் மலையகத்தைப் பஞ்சம் வாட்டியது. மாவுக்கும் அரிசிக்கும் அலைந்த அந்தக் காலத்தைப் பற்றி நம் அம்மாமார் இன்றும் சொல்வார்கள். தோட்டங்களில் சிசு மரண வீதம் அப்பத்தாண்டில் தேசிய சராசரியின் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணும் கிராமத்துச் சிங்களப் பெண்ணும் ஒரே வாங்கில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்கும் இடம், ஊர் ஆஸ்பத்திரி ஒன்றுதான். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணான, சிங்களக் குடும்பத்தின் மருமகளான இளம் வைத்தியர் தம் தொழிலைத் தொடங்கியது அங்கேதான்.

1980இல் ரஜனி யாழ்ப்பாணம் திரும்பினார். 1978இல் ஆரம்பிக்கப்பட்டிருந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் விரிவுரையாளரானார்.

காயம் கட்டியவர்

அவர் திரும்பிய யாழ்ப்பாணம் வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1981 யூன் முதலாம் திகதி இரவு யாழ் பொது நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள் சாம்பலாயின என்பர். இளைஞர்கள் ஒவ்வொருவராக இயக்கங்களுக்குப் போனார்கள். ரஜனியின் தமக்கை நிர்மலா தமிழீழ விடுதலைப் புலிகளுடன் இணைந்திருந்தார். ரஜனியும் அவ்வழியே சென்றார். துப்பாக்கி ஏந்தியல்ல, காயப்பட்டு மறைவாகக் கொண்டுவரப்பட்ட போராளிகளுக்குச் சிகிச்சை அளித்தே அவர் இயக்கத்தோடு சேர்ந்தார்.

ஆயுதம் தூக்காதவரைப் புரட்சிப் போராளி என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பர். அக்காலத்தில் மறைவாக ஒரு போராளிக்குத் தையல் போட்ட வைத்தியரும் அதே சட்டத்தின் கீழ் அதே சிறைக்குப் போகக்கூடியவர். ஆபத்து ஒன்றாக இருக்கையில் பங்கை மட்டும் வேறாகப் பிரிப்பதில் அர்த்தமில்லை. அவர் தம் பங்கைப் பிற்காலத்தில் மறைத்ததுமில்லை.

1982 நவம்பரில் நிர்மலா பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். 1983இல் பொதுநலவாயப் புலமைப்பரிசில் பெற்று ரஜனி இங்கிலாந்தின் லிவர்பூல் சென்றார். உடற்கூற்றியலில் கலாநிதிப் பட்ட ஆய்வு ஒருபுறம்; தமக்கையின் விடுதலைக்கான சர்வதேசப் பிரசாரம் மறுபுறம். லண்டனில் இயக்க வேலைகளிலும் பங்கெடுத்தார். அதே ஆண்டு யூலையில் நாடு எரிந்தது. 1984இல் நிர்மலாவைப் புலிகள் மட்டக்களப்புச் சிறையிலிருந்து மீட்டுச் சென்றார்கள்.

இயக்கத்தின் மீது அவருக்கு நன்றியும் பற்றும் மேலும் இறுகியிருக்க வேண்டிய நேரம் இது. ஆனால் அக்காலத்திலேயே அவர் விலகத் தொடங்கினார். மாற்றுக் கருத்துச் சொன்னவர் துரோகி ஆக்கப்படுவதையும், ஒரே இலட்சியம் பேசிய இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடுவதையும், மக்களுக்காக என்று எடுத்த துப்பாக்கி மக்களை நோக்கித் திரும்புவதையும் அவர் கண்டார். 1986இல் புலிகள் டெலோ இயக்கத்தினரைத் தெருக்களில் கொன்றொழித்தபோது யாழ்ப்பாணம் வாய்மூடி நின்று பார்த்தது.

இங்கிலாந்தில் தங்கிவிட அவருக்கு வழி இருந்தது. கலாநிதிப் பட்டமும் தொழிலும் கையில். ஆனால் 1986இல் அவர் யாழ்ப்பாணத்திற்கே திரும்பி, உடற்கூற்றியல் துறையின் பொறுப்பை ஏற்றார்.

எழுதி வைக்கும் தொழில்

வைத்தியர்களாகிய எமக்குப் படிப்பின் முதல் பாடம் மனித உடல். இரண்டாம் பாடம் எழுதி வைத்தல். வார்ட்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பெட் ஹெட் டிக்கெட் உண்டு. நோயாளி எத்தனை மணிக்கு வந்தார், காயம் எங்கே, எத்தனை அங்குலம், யார் சொன்ன தகவல், என்ன மருந்து கொடுத்தோம் என எல்லாவற்றையும் நேரமிட்டு, கையொப்பமிட்டு எழுத வேண்டும். அடித்தவர் யார் என்பதைப் பொறுத்துக் காயத்தின் நீளம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. பொலிஸார் அடித்தாலும் புருஷன் அடித்தாலும் நாம் எழுதும் அளவு ஒன்றுதான். ரஜனியின் பிற்கால வாழ்வை இந்தப் பழக்கத்தின் நீட்சியாகவே நாம் பார்க்கிறோம்.

1987 யூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒக்டோபரில் இந்திய அமைதி காக்கும் படைக்கும் புலிகளுக்குமிடையே போர் வெடித்தது. அம்மாதம் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டார்கள். வைத்தியர், தாதியர், சிற்றூழியர், நோயாளர் என ஏறத்தாழ 70 பேர் மடிந்தார்கள். கைகளை உயர்த்தி, தாம் வைத்தியர் என்று சொல்லி முன்னே வந்த குழந்தை மருத்துவ நிபுணர் சிவபாதசுந்தரமும் சுடப்பட்டார். எந்த வைத்தியசாலையில் வேலை செய்பவரும் இச்சம்பவத்தை அறியாமல் இருத்தல் ஆகாது.

பல்கலைக்கழக வளாகமும் அப்போரில் சிதைந்து படையினரின் கைக்குள் போயிற்று. அதை மீண்டும் திறந்து வகுப்புகளை நடத்த வேண்டுமென்று முன்னின்றவர்களில் ரஜனியும் ஒருவர். உடைந்த கட்டடத்தைக் கூட்டித் துடைத்து மாணவரை மறுபடி வகுப்பில் உட்கார வைப்பது அவருக்கு அரசியலின் ஒரு பகுதியாகவே இருந்தது. பல்கலைக்கழகம் மூடிக் கிடந்தால் இளைஞருக்கு எஞ்சுவது இயக்கமும் வெளிநாடும் மட்டுமே என்பதை அவர் அறிந்திருந்தார்.

1988இல், மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பின் யாழ்ப்பாணக் கிளை உருவானது. கணித விரிவுரையாளர்களான ராஜன் ஹூல், கோ. ஸ்ரீதரன், உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ஆகியோர் ரஜனியோடு இணைந்து நின்றார்கள். அவர்கள் செய்தது எளிமையானது. ஆனால் அந்நாளில் யாரும் துணியாதது. வீடு வீடாகச் சென்று, நடந்ததைக் கேட்டு, சரிபார்த்து எழுதினார்கள். இலங்கைப் படை செய்ததையும், இந்தியப் படை செய்ததையும், தமிழ் இயக்கங்கள் செய்ததையும் ஒரே தராசில் வைத்து எழுதினார்கள். நால்வரும் சேர்ந்து எழுதிய நூல் தமிழில் ‘முறிந்த பனை’ என்று அறியப்படுகிறது. 1990இல் ஆங்கிலத்தில் அச்சாகி வெளிவந்தபோது ரஜனி உயிரோடில்லை.

அந்நூலில் போரும் பெண்களும் பற்றிய பகுதி ரஜனியுடையது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், கணவரையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர்கள், படையினரின் முன் தனியே நின்று தம் வீட்டாருக்காக வாதாடிய சாதாரணப் பெண்கள் ஆகியோர் சொன்னதைக் கேட்டு எழுதினார். அப்பெண்களை வெறும் பரிதாபத்துக்குரியவர்களாக அவர் காட்டவில்லை. சமூகம் குலைந்து கிடந்தபோது அதைத் தாங்கிப் பிடித்தவர்களாகவே கண்டார். எழுதியதோடும் நிற்கவில்லை, போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக யாழ்ப்பாணத்தில் ‘பூரணி’ இல்லம் உருவாகவும் உழைத்தார்.

1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி மாலை, வேலை முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ரஜனி, திருநெல்வேலியில் தம் வீட்டுக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. புலிகளே இதற்குப் பொறுப்பு என்று குடும்பத்தாரும் சக ஆசிரியரும் தொடர்ந்து கூறி வந்துள்ளனர். புலிகள் அதை மறுத்தார்கள். இன்றுவரை இக்கொலைக்காக எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. அவருடைய தோழர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆனாலும் பதிவை அவர்கள் நிறுத்தவில்லை. 2007இல் ராஜன் ஹூலுக்கும் ஸ்ரீதரனுக்கும் மனித உரிமைப் பணிக்கான மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தது. ரஜனியின் இளைய மகள் ஷாரிகா மானிடவியலாளராகி, இலங்கைப் போரும் இடப்பெயர்வும் பற்றிய நூலை 2011இல் வெளியிட்டார். தாய் தொடங்கிய வேலை வேறொரு வடிவில் தொடர்கிறது.

எம்மில் சிலர் மருத்துவம் படித்த காலத்தில் ரஜனியின் பெயரைச் சொல்வதற்கு முன் சுற்றும் முற்றும் பார்ப்பார்கள். அவர் கற்பித்த பாடத்தை நாம் படித்தோம். அவர் எழுதியதைப் படிப்பதற்குப் பல ஆண்டுகள் சென்றன. 2014இல் யாழ்ப்பாணத்தில் அவருடைய 25ஆவது நினைவாண்டு வெளிப்படையாக அனுசரிக்கப்பட்டபோது தென்னிலங்கையிலிருந்து சிங்களவரும் வந்து கலந்துகொண்டார்கள்.

நம் மலையின் எழுதப்படாத ஏடுகள்

இவ்வளவையும் ஹட்டன் பக்கத்துப் பாடசாலை மலரில் ஏன் எழுதுகிறோம்? நம்மிடம் நடந்தவை ஏராளம், எழுதி வைத்தவை சொற்பம் என்பதனால்தான்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். விசாரணை ஆணைக்குழு ஒன்று அமைந்ததால் அச்சம்பவம் விபரமாகப் பதிவானது. 1948இல் குடியுரிமை பறிபோனது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்த கணக்கும் இருக்கிறது. ஆனால் புகையிரதத்தில் ஏறிய எந்தத் தங்கை எந்த அக்காவை ஹட்டன் ஸ்டேஷனில் விட்டுப் போனாள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி சுவீகரிப்பை எதிர்த்த போராட்டத்தில் சிவனு லட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். அவர் பெயர் நினைவிருக்கிறது. 1970களின் பஞ்சத்தில் இறந்தவர்களின் பெயர்கள் யாருக்கு நினைவிருக்கின்றன?

1977, 1981, 1983 வன்செயல்களில் லயங்களை இழந்த குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. அவர்களைக் குடியேற்ற உழைத்த காந்தீயம் அமைப்பின் வைத்தியர் இராஜசுந்தரம், 1983 யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். அங்கே வளர்ந்த நம் பிள்ளைகளில் விரும்பி இயக்கத்துக்குப் போனவர்களும் இருந்தார்கள். பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களும் இருந்தார்கள். 2009இல் வன்னியில் முடிந்த போரில் மலையக வம்சாவளியினர் நிறையப் பேர் மாண்டார்கள். அவர்களை வடக்கின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மலையகத்தின் கணக்கில் அவர்கள் இல்லை.

ரஜனி வேலை செய்த ஹல்துமுல்லையிலிருந்து அதிக தூரமில்லாத பண்டாரவளை, பிந்துனுவௌ புனர்வாழ்வு முகாமில் 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி, தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் 20க்கும் மேற்பட்டோர் கும்பலால் கொல்லப்பட்டார்கள். முன்னாள் போராளிகளும் வெறும் சந்தேக நபர்களும் அங்கே இருந்தனர். ரஜனி மனம் மாறிக் கல்விக்குத் திரும்பியது போல் வேறொரு வாழ்வுக்குத் திரும்பும் வாய்ப்பு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. குற்றவாளிகளாகக் காணப்பட்டிருந்தோரை 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவிலேயே உள்ள கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தது. லயங்கள் புதையுண்டன. முதல் நாட்களில் காணாமற்போனோர் நூற்றுக்கணக்கில் என்றார்கள். பிறகு எண்ணிக்கை மாறியது, மறுபடியும் மாறியது. ஒரு தோட்டத்தில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்பதையே நாடு உறுதியாகச் சொல்ல முடியாமல் தடுமாறியது. பதிவில்லாத மக்கள் இறந்தாலும் கணக்கில் வரமாட்டார்கள் என்பதை அந்த மண் காட்டிக்கொடுத்தது.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது

ரஜனியைத் தெய்வமாக்க நாம் விரும்பவில்லை. அவரே அதை விரும்பியிருக்க மாட்டார். இயக்கத்தை நம்பினார், நம்பியது பிழையென்று கண்டதும் சொன்னார். இவ்வளவுதான். ஆனால் நம் சமூகத்தில் அந்த இரண்டாவது செயலுக்குத் துணிந்தவர்கள் சிலரே. தன் இனத்தின் மீது பாசம் வைத்திருப்பவர் அந்த இனத்தின் பேரால் நடக்கும் அநியாயத்தைப் பற்றி வாய் திறக்கலாகாது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. தோட்டத்திலும் அது உண்டு. தொழிற்சங்கத் தலைவர் செய்தால் பேசக்கூடாது, சொந்தக்காரர் செய்தால் மறைக்க வேண்டும், குடித்துவிட்டு அடித்தால் படியில் விழுந்ததாகச் சொல்ல வேண்டும். வார்ட்டில் நாம் வாரந்தோறும் கேட்பது அதைத்தான். பெட் ஹெட் டிக்கெட்டில் “விழுந்ததாகக் கூறுகிறார்” என்று எழுதி, கீழே காயத்தின் அளவையும் எழுதி வைக்கிறோம். என்றாவது ஒருநாள் அவள் உண்மையைச் சொல்லத் துணிந்தால் அந்த அளவு அவளுக்குத் துணையாக நிற்கும்.

நூறு ஆண்டுகளில் எமது பாடசாலை ஆசிரியைகளையும் தாதியரையும் வைத்தியர்களையும் சட்டத்தரணிகளையும் உருவாக்கியிருக்கிறது. லயத்து அறையில் குப்பி விளக்கில் படித்து வந்தவர்களே எம்மில் அநேகர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நமக்குக் கற்பித்த ஆசிரியைகளையும் நாம் மறக்கவில்லை. இத்தனை எழுத்தறிந்த பெண்கள் இருந்தும் நம் பாட்டிமாரின் வாழ்வு இன்னும் வாய்மொழியாகவே கிடக்கிறது. அவர்களுள் 1948ஐக் கண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே எஞ்சியிருக்கிறார்கள்.

ஆகவே பழைய மாணவிகள் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நூற்றாண்டு நினைவாக மண்டபமோ வளைவோ கட்டுவதோடு, பாடசாலை நூலகத்தில் ஒரு பதிவேட்டையும் திறப்போம். ஒவ்வொரு சகோதரியும் தன் வீட்டில் மூத்த ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டு, தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஆண்டு, யார் போனார், யார் இறந்தார், எப்படி இறந்தார் என்பவற்றை எழுதித் தரட்டும். நமக்குச் சாதகமானதையும் எழுதுவோம். நமக்கு வெட்கம் தருவதையும் எழுதுவோம். மேல் வகுப்பு மாணவிகள் அதைப் பிரதி எடுக்கட்டும். டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலும் நுவரெலியாவிலும் பணிபுரியும் எமது வைத்தியச் சகோதரிகள் முதல் பக்கங்களை எழுதத் தயாராக இருக்கிறார்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழிவோம், வழிமொழிய வாருங்கள்.